பெயர் சொல்லிப் போட்ட தடை

அவளைச் சாவியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சாவிக்கொத்து எதுவும் அவளிடம் இருந்ததில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கணினிகளுக்கெல்லாம் அவள் பொறுப்பு. எந்த நோயாளியின் விவரத்தை யார் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் அதில் எழுதலாம் என்று கணினிக்குச் சொல்லிவைப்பது அவள் வேலை. கடவுச்சொல்லை மறந்தவர்கள், தப்புத் தப்பாக அடித்து வெளியே தள்ளப்பட்டவர்கள், வார்டு மாறியதும் பழைய வார்டு திறக்காமல் போனவர்கள் எல்லாரும் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த அவள் அறை வாசலில் வந்து நிற்பார்கள். லிஃப்ட் மேலே ஏறும்போதெல்லாம் மேசையிலிருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

"அக்கா, திறக்க மாட்டேங்குது" என்பார்கள். திறந்துவிடுவாள். போய்விடுவார்கள். சும்மா பேசிக்கொண்டிருக்க அந்த அறைக்கு யாரும் வந்ததில்லை.

கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு குறைந்துவிடும். அவள்மேல் யாருக்கும் விரோதம் கிடையாது. ஆனால் எந்த விவரத்தை யார் எப்போது திறந்தார்கள் என்பதைக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது, அந்தக் குறிப்பைப் பார்க்க அவளால் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் முன்னால் வம்பு பேச யாருக்கு வாய் வரும்? அவளும் அதைப் புரிந்துகொண்டு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு போகப் பழகிக்கொண்டாள். மிச்சம் மீதி இருப்பதைப் போட்டுக்கொண்டு, துடைத்து ஈரம் காயாத மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. அப்போது அந்த ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸும் எந்த வார்டின் விவரத்தையும் பார்க்கலாம். அவசரத்துக்கு உதவும் என்று அப்படி வைத்திருந்தார்கள். அதை மாற்றி, அவரவர் வார்டை மட்டும் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது அவள்தான். அன்றைக்குத்தான் சாவியக்கா என்ற பெயரும் வந்தது. எதற்காக இப்படி ஒரு கெடுபிடி என்று பலரும் கேட்டார்கள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் அவளுடைய தங்கை.

தங்கைக்குக் கல்யாணமாகி முதல் கர்ப்பம் தங்கவில்லை. அக்கா வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தாள். ஆனால் அக்காவிடம் கூட உடனே சொல்லவில்லை. புருஷனும் பொண்டாட்டியுமாக ஒரு நாள் அழுது தீர்த்துவிட்டுப் பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அதற்குள் சாயங்காலமே அம்மா தங்கையின் வீட்டு வாசலில் அழுதபடி போய் நின்றாள். போனவள் தங்கையின் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். கர்ப்பம் என்பதே மாமியாருக்கு அதுவரை தெரியாது. தனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று அந்தம்மாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, அந்த வீட்டில் பல மாதம் தங்கையால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? கணினியில் எல்லாவற்றையும் திறக்கக்கூடிய ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது, தங்கை வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

சாவியக்கா மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகக் குறிப்பைப் பார்த்தாள். தங்கையின் விவரத்தைத் திறந்திருந்தவள் வேறொரு வார்டைச் சேர்ந்த மூத்த நர்ஸ். காலை நடைக்கு அம்மாவோடு பூங்காவுக்குப் போகிறவள். வீட்டுக்கு வந்து கேட்டபோது அம்மா மறைக்கவில்லை. பொண்ணு முகமே சரியில்லையே, என்னவென்று கொஞ்சம் பார்த்துச் சொல் என்று அம்மாதான் கேட்டிருக்கிறாள்.

"பெத்தவளுக்குத் தெரியக்கூடாதா? தெரிஞ்சா தப்பா?" என்றாள் அம்மா. பிறகு குரல் இறங்கியது. "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ என்ன மன்னிக்க மாட்டா. நீன்னா ரெண்டு நாள் கோபப்பட்டுட்டு விட்டுடுவா."

சாவியக்கா சரி என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற புத்தி என்றாள். தனக்கென்று ஒரு குடும்பம் அமையாதவளுக்கு அடுத்தவள் வயிற்றின்மேல்தான் கண் என்றாள். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. சாவியக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெண்டு நாள் கோபம் என்று அம்மா சொன்னது வருஷங்களாக நீண்டது. தங்கைக்கு அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்ததும் அதற்குப் பேச்சு வந்ததும் அம்மா வழியாகத் தெரிந்த சேதிகள். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். காரியத்தின்போது இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதன்பிறகு, துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வீட்டில் சாவியக்கா மட்டும்தான். பகலெல்லாம் கீழேயிருந்து இஸ்திரி ஆவி வாசனை ஏறி வரும். வீடு திரும்பினால் சாத்திக் கிடக்கும் அம்மாவின் அறையைத் தாண்டித் தன் அறைக்குப் போவாள். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வாள். படத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருந்தால் போதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சின்ன ஆஸ்பத்திரியை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பதென்று முடிவாயிற்று. கட்டடங்கள் அப்படியே இருக்கும். கணினிகள் மட்டும் ஒரே வலையில் சேரும். இந்தப் பக்கம் பிறந்த குழந்தையை அந்தப் பக்கம் இதய வார்டுக்கு அனுப்பினால் விவரமும் கூடவே போய்விடும். சொல்ல எளிது. ஆனால் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகள் தனித்தனியே இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கும் வேலையைச் சாவியக்காவின் தலையிலும் பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பொறுப்பாளர் தலையிலும் கட்டினார்கள்.

அந்த மனிதர் நெடுநெடுவென்று உயரம். அங்கே அவரை ஏணி என்பார்கள். அவரே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கூட்ட அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வாரக்கணக்கில் வேலை பார்த்தார்கள்.

முதலில் அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். இரண்டு ஆஸ்பத்திரியின் விதியும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒன்று பார்க்கலாம் என்று சொல்லி இன்னொன்று கூடாது என்றால், கூடாது என்பதே ஜெயிக்கட்டும். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. சாவியக்காவுக்கு ஏதோ இடித்தது. ஆனாலும் சோதித்துப் பார்க்கலாம் என்றாள். விளையாட்டு ஆட்களும் விளையாட்டு நோயாளிகளுமாகக் கணினியில் ஒரு பொய் ஆஸ்பத்திரியை உருவாக்கி, இரண்டு விதிகளையும் சேர்த்து ஓடவிட்டார்கள். மருந்தகத்துக்கு எந்தச் சீட்டும் திறக்கவில்லை. டாக்டருக்கு நேற்று அவரே எழுதியது தெரியவில்லை. ஆஸ்பத்திரித் தலைவருக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் காட்டவில்லை.

"பரவாயில்ல" என்றார் ஏணி, திரையைப் பார்த்தபடி. "ரெண்டு ஆஸ்பத்திரியும் சேர்ந்து, திருடனும் வர முடியாத, டாக்டரும் வர முடியாத ஒரு ஆஸ்பத்திரியக் கட்டிட்டோம்."

சாவியக்கா சிரித்துவிட்டாள். கடைசியாக எப்போது இன்னொரு ஆளோடு சேர்ந்து சிரித்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

கோளாறு எங்கே என்று தேடியதில் ஒன்று பிடிபட்டது. இரண்டு இடத்திலும் விதியே எழுதாத விஷயங்கள் ஏராளம் இருந்தன. சின்ன ஆஸ்பத்திரியில், வார்டு விவரம் ஒன்றைத் தவிர, விதி இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று பொருள். பெரிய ஆஸ்பத்திரியிலோ விதி இல்லாவிட்டால் கூடாது என்று பொருள். விதி பேசாமல் இருப்பதை ஒரு பக்கத்தார் சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், மறுபக்கத்தார் மறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சும்மா இருந்த இடங்களையெல்லாம் தேடியெடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அவசரம் என்றால் என்ன செய்வது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் டாக்டர் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, காரணத்தை எழுதிவிட்டு அவரே திறந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்றாள் அவள். அப்படி ஒரு வழியை வைத்தால் எல்லாரும் அதிலேயே நுழைவார்கள் என்றார் அவர். கடைசியில், வழி இருக்கட்டும், நுழைகிற ஒவ்வொருவரையும் மறுநாள் கூப்பிட்டு ஏன் என்று கேட்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒரு நோயாளி, இன்ன ஆள் என் விவரத்தைப் பார்க்கக்கூடாது என்று பெயர் சொல்லித் தடை போடலாம். விட்டுப்போன புருஷன் அங்கேயே வேலை பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரி அங்கே நர்ஸாக இருந்தால், இப்படிப் போட்டுக்கொள்வார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அந்த வசதியே கிடையாது. இந்தத் தடைகள் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே இருக்க வேண்டும் என்று சாவியக்காதான் முதலில் சொன்னாள். உடம்பு யாருடையதோ அவர் சொல்வதுதானே கடைசி வார்த்தை?

அன்று மதியம் அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஏணி, திடீரென்று பேசுவதை நிறுத்தினார். திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"இதுல ஒண்ணு முட்டுது. உங்க ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தர் மேல தடை. அவங்களுக்கு உங்க விதிப்படி எல்லாத்தையும் பாக்கலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "பழைய தடைதான், மேடம். பல வருஷம் ஆயிடுச்சு. யார் போட்டதுன்னு நான் சொல்லக்கூடாது."

"சொல்ல வேண்டாம்" என்றாள் சாவியக்கா. "எம்மேலதானே?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவளுக்கு யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. இந்த உலகத்தில் பெயர் சொல்லித் தடுக்கிற அளவுக்கு அவளை நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருத்திதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவமானமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தன் பெயரைத் தங்கை இந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு கவுண்டரில் நின்று, எழுத்து எழுத்தாகச் சொல்லியிருப்பாள் என்று மட்டும் தோன்றிக்கொண்டேயிருந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்து, தடை அப்படியே இருக்கட்டும் என்றாள்.

"அது சரி" என்றார் ஏணி. "ஆனா உங்ககிட்டயும் எங்கிட்டயும் எல்லாத்துக்கும் வழி இருக்கு. கணினியோட விதியையே மாத்தற ஆளுக்கு விதி போட்டு என்ன பிரயோஜனம்? நீங்க நெனச்சா ஒரு நிமிஷத்துல தடைய எடுத்துட்டுப் பாத்துட்டு, திரும்பப் போட்டு வெச்சிடலாம்."

உண்மைதான். தங்கை போட்ட தடை காகிதத்தில் எழுதிய தடை போலத்தான். இனி இரண்டு ஆஸ்பத்திரியும் ஒன்றாகிவிட்டால், அவள் விரல்நுனியில் தங்கையின் விவரம் முழுக்க இருக்கும். அந்த வல்லமையை இரண்டாக உடைத்துவிடலாம் என்றாள் சாவியக்கா. விதியை மாற்றவோ தடையை எடுக்கவோ வேண்டுமானால் இரண்டு பேரும் அவரவர் கடவுச்சொல்லை அடித்தால்தான் நடக்கும். எவரும் தனியாக எதையும் திறக்க முடியாது.

மேலிடத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஒருவர் லீவில் போனால் என்ன ஆகும் என்றார்கள். சின்ன ஆஸ்பத்திரித் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பிடியை நீயே ஏன் விட்டுக்கொடுக்கிறாய், நாளைக்குப் பாதி ஆள் போதும் என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்று அக்கறையாகத்தான் கேட்டார். அவள் பிடிவாதமாக நின்றாள். ஏணியும் அவள் பக்கம் நின்றார். மூன்றாவதாக ஓர் ஆளுக்கும் மாற்றுக் கடவுச்சொல் கொடுத்து வைப்பதென்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வலைகளையும் சேர்த்தார்கள். மத்தியானத்துக்குள் வந்தது ஒரே ஒரு புகார். சமையற்கூடத்துக்கு உப்பில்லாச் சாப்பாடு யாருக்கு என்பது தெரியவில்லை. சரிசெய்தார்கள். திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் மாறினதாகவே தெரியவில்லை. அந்த வேலை நன்றாக நடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று கிடையாது. அதனால் பாராட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. சாவியக்காவின் இடத்தை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே கேன்டீன் பெரிது. ஆயிரம் பேருக்கு நடுவில் தனியாகச் சாப்பிடுவதை யாரும் கவனிக்கவில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

இணைப்பு முடிந்ததும் ஒரு கடமை மிச்சமிருந்தது. பெயர் சொல்லித் தடை போட்டவர்களுக்கெல்லாம் போன் செய்து, இரண்டு ஆஸ்பத்திரியும் ஒன்றாகிவிட்டது, உங்கள் தடை தொடரட்டுமா என்று கேட்க வேண்டும். பதிவுப் பிரிவில் இருந்த ஒரு பெண் அதைச் செய்தாள். யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது சாவியக்காவுக்குத் தெரிய வழியில்லை. வழியில்லாமல் செய்ததே அவள்தான். ஒரு நாள் லிஃப்டில் ஏணி அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நான்தான்" என்றது ஒரு குரல். தொண்டையில் மணலை அள்ளிப் போட்டது போல ஒரே கரகரப்பு. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. யார் வேண்டும் என்று கேட்டாள். பதில் வரவில்லை. தப்பான நம்பர் என்று வைக்கப் போனாள்.

"அக்கா. நான்தான்."

கூடப் பிறந்தவளின் குரலே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு" என்றாள் தங்கை. "தடை இருக்கட்டுமான்னு கேட்டுச்சு. இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"சரி."

"எதுக்கெடுத்தாலும் சரிங்காத. கோபம்னா கோபம்னு சொல்லு."

"கோபம் இல்ல." சாவியக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள். "அன்னிக்கு உன் விவரத்த நான் திறக்கல."

"தெரியும். அம்மா சொல்லிட்டாங்க. அவங்க முடியாம இருந்தப்ப ஒரு தடவ வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்த."

அப்படியானால் காரியத்தில் எதிர்ப்பக்கம் நின்றபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். அப்புறம் ஏன் பேசவில்லை என்று சாவியக்கா கேட்டாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? அத்தன பேச்சு பேசியிருக்கேனே. அது ஒரு பக்கம்." தங்கை இருமினாள். இருமல் அடங்கும்வரை இவள் காத்திருந்தாள். "இன்னொரு பக்கம், கோபமும்தான். உனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னப் பேச விட்டுட்டு செல மாதிரி நின்ன. நீ நல்லவளாயிட்ட. நான் என்னவானேன்? என்ன ஒரு தடவயாவது நெனச்சியா?"

அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததைச் சொன்னாள். அதை என்னிடம் கேட்டுக்கொண்டா கொடுத்தாய் என்றாள் தங்கை. தான் பேசாமல் இருந்ததை ஒரு தியாகம் என்றே சாவியக்கா இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள். அது இன்னொருத்தியைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"தடையை ஏன் எடுக்கலன்னா," என்றாள் தங்கை, "உம்மேல சந்தேகம் இல்ல. என் உடம்புக்கு ஒண்ணுன்னா அத நான் என் வாயால சொல்லி நீ தெரிஞ்சுக்கணும். கம்ப்யூட்டர் சொல்லி இல்ல. இப்ப சொல்றேன், கேளு. கழுத்துல கட்டி இருந்துச்சு. எடுத்துட்டாங்க. கெட்ட கட்டி இல்ல. குரல்தான் போயிடுச்சு. வந்துடும்னு சொல்றாங்க."

எப்போது என்று கேட்டாள். தங்கை சொன்னாள். தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அந்த அறையில் சாவியக்கா ஏணியோடு உட்கார்ந்து, யார் யாரைப் பார்க்கலாம் என்று வாதாடிக்கொண்டிருந்த அதே வாரம். மேலே ஏதோ ஒரு தளத்தில் தங்கை கழுத்தில் கட்டோடு படுத்திருக்கிறாள். அவளுடைய பெண்ணும் புருஷனும் அதே லிஃப்டில் ஏறி இறங்கியிருப்பார்கள். எதிரே வந்திருந்தால்கூட அந்தப் பெண்ணைச் சாவியக்காவுக்குத் தெரிந்திருக்காது.

"வந்து பாக்கட்டுமா?"

மறுமுனையில் வெகு நேரம் சத்தமில்லை. சும்மா இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்த முறை அவளாக எதையும் முடிவுசெய்துகொள்ளவில்லை. காத்திருந்தாள்.

"இப்ப வேணாம்" என்றாள் தங்கை. "எனக்குக் கொஞ்சம் நாள் ஆகும். நானே கூப்பிடறேன்."

போனை வைத்தபிறகு சாவியக்கா துணிகளை மடித்து முடித்தாள். சாயங்காலம் அம்மாவின் அறையைத் திறந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். அங்கே செய்ய ஒன்றுமில்லை. காற்று வரட்டும் என்று அப்படியே விட்டாள்.

தங்கை கூப்பிட்டாள். சில வாரம் கூப்பிடமாட்டாள். பிறகு நினைத்துக்கொண்டாற்போல ஒரு மதியத்தில் கூப்பிடுவாள். பெண் கணக்கில் மட்டம் என்பாள். மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்பாள். உடம்பைப் பற்றி அவளாகச் சொன்னால் உண்டு. இவள் கேட்பதில்லை. வா என்று இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் சாவியக்கா வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கிறாள். டிவியைப் போடுவதில்லை. போன் வராத சனிக்கிழமைகள்தான் அதிகம். வந்தால், முதல் வார்த்தையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். கரகரப்பு போன தடவைக்கு இந்தத் தடவை கொஞ்சம் குறைந்திருப்பது போல அவளுக்குப் படும்.